மூன்றரை இன்ச் சேம்பர் வான்கோழிக்குத் தேவையா?

"3½ இன்ச் ஷாட்கன் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஷாட்கன் என்பது ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகச் சிறு ரவைகளைக் கொத்தாகச் சுடும் துப்பாக்கி. 3½ இன்ச் என்பது அதன் சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியின், நீளம். அமெரிக்காவின் மிசூரியில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் பல வருடங்களாக அந்த வகைத் துப்பாக்கியைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். போனில் சொல்லி முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன்.

துப்பாக்கி அருமையானது. 12 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) பம்ப். மழையில் நனைந்தும் சேற்றில் புரண்டும் சிக்கிக்கொண்டதே இல்லை. 2¾, 3, 3½ என மூன்று நீளத் தோட்டாவும் போகும். 3½ செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) வைத்திருப்பவர்கள் சிலருக்கு லேசான தோட்டா போட்டால் அடுத்தது ஏறாது. கையால் இழுக்கும் பம்பில் அந்தத் தொல்லை கிடையாது.

என் கோபம் முழுக்க அந்த 3½ தோட்டாவின் மேல்தான். மாஸ்பெர்க் 835 துப்பாக்கியோடு அது 12 கேஜுக்கு வந்தது 1988இல். வாத்து வேட்டையில் ஈய ரவைக்குத் தடை வந்துகொண்டிருந்த காலம் அது. 1991இல் அமெரிக்கா முழுக்கத் தடையானது. எஃகு ரவை எடை குறைவு, அதனால் பெரிய ரவையாக, நிறையப் போட வேண்டும். அதற்கு இடம் தேவைப்பட்டது, தோட்டா நீண்டது. வான்கோழி வேட்டையில் பெரும்பாலான இடங்களில் இன்றும் ஈயம் போடலாம். அங்கே அந்தத் தேவையே எழவில்லை.

கணக்கைப் பாருங்கள். 5ஆம் எண் ஈய ரவை (எண் கூடக் கூட ரவை சிறிதாகும்) ஒரு அவுன்ஸுக்குச் சுமார் 170. வழக்கமான 3 இன்ச் தோட்டாவில் 1¾ அவுன்ஸ், 3½இல் 2 அவுன்ஸ். கூடுதலாகக் கிடைப்பது நாற்பது சொச்சம் ரவை. நாம் குறிவைப்பது தலையும் கழுத்தும் மட்டுமே. 40 கெஜத்தில் 10 இன்ச் வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழ வேண்டும் என்பது இங்கே வழக்கமான அளவுகோல். குழலின் விட்டம் மாறவில்லை, ரவை அடுக்கு மட்டும் உயர்ந்திருக்கிறது. வெடிக்கும்போது அடியில் இருக்கும் ஈய ரவைகள் மேலிருப்பவற்றின் எடையில் நசுங்குகின்றன. நசுங்கியது நேராகப் போகாது, ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். என் துப்பாக்கியில், இதே சோக்கில் (ரவை பரவாமல் குழல் வாயைக் குறுக்கும் துண்டு), 3½ விளிம்பை நிரப்புகிறது. 3 இன்ச் நடுவை நிரப்புகிறது. காகிதத்தில் சுட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இதுதான் கதை. நீளமான சேம்பரில் குட்டைத் தோட்டா போட்டால் ரவை பரவும் விதம் கெடும் என்பார்கள். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே நார் அடைப்புகள் வைத்த பழைய காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் அந்த இடைவெளியில் வாயு கசியாமல் பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் அந்த உதை! 3 இன்ச்சுக்கு அதிகபட்ச அழுத்தம் 11,500 பிஎஸ்ஐ, 3½க்கு 14,000. அதோடு கூடுதல் ஈயத்தின் எடை. மான் வேட்டை ரைஃபிள்கூட இப்படி இடிப்பதில்லை. தோள் வலியாவது போகட்டும். அடுத்த முறை டிரிகரை அழுத்தும் முன்பே கண் மூடிக்கொள்கிறது. கண் மூடினால் தலை உயர்கிறது, குண்டு பறவைக்கு மேலே போகிறது. எந்தச் சேம்பரும் அதைச் சரிசெய்யாது.

டங்ஸ்டன் ரவை வந்தபின் நீளத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச நியாயமும் போய்விட்டது. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம், இதற்குச் சுமார் 18. அதனால் மிகச் சிறிய 9ஆம் எண் ரவையே கழுத்தெலும்பை உடைக்கிறது. விலைதான் வயிற்றெரிச்சல். ஆனால் 12ஐவிடச் சிறிய குழலான 20 கேஜ் வைத்திருப்பவர்கள்கூட 40 கெஜத்தில் சுத்தமாக வீழ்த்துகிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். தோட்டாவில் எழுதியிருப்பது வெடித்து விரிந்தபிறகான நீளம். 3 இன்ச் தோட்டா 2¾ சேம்பரில் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழலில் பொறித்திருப்பதைப் படிக்காமல் எதையும் போடாதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். 3 இன்ச் சேம்பர் உள்ளதை எடுத்து, மிச்சக் காசில் நல்ல சோக் ஒன்றும் இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களும் வாங்கிக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். என்னுடையதை விற்பேனா என்றால், மாட்டேன். 3 இன்ச் போட்டால் அது சுடும் அழகுக்கு ஈடாக வேறு துப்பாக்கி எனக்குக் கிடைக்கவில்லை.