தோல் பர்ஸ் தைக்க எந்த மிஷின் வாங்கலாம்?

வி.கோட்டாவில் இருக்கும் அக்கா பையன் போன வாரம் மலை இறங்கி பேரணாம்பட்டுக்கு வந்தவன், பையிலிருந்து மூன்று பர்ஸை எடுத்து வைத்து, "சித்தி, எங்க தப்பு பண்றேன்னு பாருங்க" என்றான். நல்ல ஆட்டுத்தோல், வெட்டும் சுத்தம். ஆனால் மூலை வந்ததும் தையல் நெருங்கி நெருங்கி விழுந்து, முடிகிற இடத்தில் மேல்தோல் இரண்டு எம்எம் தள்ளி நின்றது. வீட்டுக்கு வாங்குகிற மோட்டார் மிஷின்தான், பெட்டியில் ஹெவி டியூட்டி என்று போட்டிருக்கிறதாம், கடையில் தோலும் தைக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தைக்கும், பொய் இல்லை. 12 வருஷம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவள் என்பதால் சொல்கிறேன், ஊசி தோலைக் குத்தி இறங்குவது ஒரு வேலை, குத்திய தோலை நகர்த்துவது வேறு வேலை, பர்ஸ் கெடுவது இந்த இரண்டாவதில்தான். வீட்டு மிஷினில் அடியில் இருக்கும் பல் மட்டும் இழுக்கும், மேலே இருக்கும் கால் சும்மா அழுத்திக்கொண்டு நிற்கும். துணி வழுக்கிப் போய்விடும், தோல் காலில் ஒட்டிக்கொள்ளும், அடித்தோல் நகர நகர மேல்தோல் பின்தங்கும். டெஃப்லான் கால் மாட்டினால் ஓரளவு சரியாகும். அப்புறம் அந்தச் சின்ன மோட்டாருக்கு மெதுவாக ஓடும்போது பலம் கிடையாது. கனத்த இடத்தில் லேசாக மிதித்தால் முனகி நிற்கும், அழுத்தினால் பாய்ந்துவிடும். துணியில் பிரித்துத் தைக்கலாம், தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான்.

அதைவிட வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கறுப்பு மிதி மிஷின் எனக்கு மேல். அதிலும் அடிப்பல் மட்டும்தான் இழுக்கும், தோல் பின்தங்குகிற பிரச்சினை அங்கேயும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுக்க இரும்பு, வேகம் நம் காலில் இருக்கிறது, மூலைக்கு வந்ததும் காலை எடுத்துவிட்டு வலது கையால் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தையலாக இறக்கலாம். கரண்டு போனாலும் கவலை இல்லை. 40 நம்பர் நைலான் நூல், தோல் ஊசி, ஒட்டிய பிறகு இரண்டரை எம்எம் கனம், அதுவரை தாராளமாகப் போகும். அதற்கு மேல் கட்டாயப்படுத்தினால் ஊசி வளைந்து தகட்டில் இடிக்கும்.

வாக்கிங் ஃபுட் மிஷின் என்றால் கதையே வேறு. ஜுகி கம்பெனியின் டிஎன்யு 1541 மாதிரி மிஷினில் ஊசி, அடிப்பல், மேலே இருக்கும் இரண்டு கால்களில் உள்கால், மூன்றும் சேர்ந்து தோலைப் பிடித்து நகர்த்தும், மேலும் கீழும் ஒரு நூல் அளவுகூட விலகாது. நிமிஷத்துக்கு 2500 தையல் வரை ஓடும், 9 எம்எம் நீளத் தையல் வரை போடலாம். ஆனால் அது சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் பெரிய பைக்கும் செய்த மிஷின். நமக்கு வேண்டியது 3 எம்எம் தையல், ஆமை வேகம். எப்போதும் முழு வேகத்தில் சுழலும் பழைய கிளட்ச் மோட்டாரோடு வாங்கினால் புதிதாகத் தைப்பவர் கைக்கு அடங்காது, வேகத்தைக் குறைத்து வைக்கிற சர்வோ மோட்டார் கட்டாயம் வேண்டும், கரண்டும் மிச்சம். இன்னொரு தொல்லை, காலின் பல் தடம் மெல்லிய தோலில் பதிந்துவிடும், பல் இல்லாத வழவழப்பான கால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்வது போஸ்ட் பெட். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு அப்பர் கம்பெனிகளில் தைத்தவர்களுக்குப் பழகிய மிஷின், பழசும் கிடைக்கும், ரிப்பேருக்கு ஆளும் கிடைக்கும். தூண் மாதிரி நிற்கும் அதன் உச்சியில்தான் தையல், மேலே சின்னச் சக்கரக் கால். சக்கரம் உருண்டு போவதால் தடம் அதிகம் விழாது, வளைவில் தோலைத் திருப்பும்போது ஊசி எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும். குறை என்னவென்றால் நீள நேர்த்தையலில் பர்ஸ் இரு பக்கமும் தொங்கும், தாங்கிப் பிடிக்கக் கை பழக வேண்டும், அதற்கு ஒரு வாரம் ஆகும்.

செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் பேட்ச் மிஷின் பர்ஸுக்கு வேண்டாம், கால் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதாலேயே நேர்கோடு நிற்காது. கைத்தையல் பற்றியும் கேட்டான். ஒரு நூல், இரண்டு ஊசி, ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிரியாது, பலத்தில் மிஷின் அதன் பக்கம் வராது. ஆனால் விரித்த பர்ஸ் 22 சென்டிமீட்டர் அகலம், ஒன்பதரை உயரம் என்றால் மூன்று பக்கமும் சேர்த்து 41 சென்டிமீட்டர், 3 எம்எம்முக்கு ஒன்று என்று 136 தையல் வரும். ஒரு நாளில் ஒன்றிரண்டு தைப்பவருக்கு, நல்ல விலைக்கு விற்பவருக்குச் சரி.

எந்த மிஷின் வாங்கினாலும் முதலில் விளிம்பைப் பாருங்கள். அவன் பர்ஸில் வெளித்தோல் 1.2, நோட்டு அறைச் சுவர் 0.7, கார்டு அறை நான்கும் தலா 0.7, கூட்டினால் 4.7 எம்எம். அத்தனையையும் விளிம்புவரை கொண்டுவந்து அடுக்கியிருந்தான். மேல் மூன்று அறைகளை ஆங்கில டி (T) வடிவில் வெட்டினால் அவை பக்கவாட்டில் மட்டும் கொஞ்சம் வரும், அடியில் வராது. வெளித்தோல் ஓரத்தைப் பாதிக் கனத்துக்குச் சீவி, ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, சுத்தியால் தட்டினால் இரண்டு, இரண்டரைக்குள் அடங்கும். மூலையில் ரிவர்ஸ் போட்டுப் போட்டு இறுக்கவும் கூடாது. தோல் ஊசி வெட்டிக்கொண்டு இறங்குவது, ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி அங்கேயே கிழியும். இரண்டு தையல் பின்னால் வந்தால் போதும், நூலை உள்பக்கம் இழுத்து லைட்டரால் சுட்டுவிடலாம்.

அன்றைக்கே ஒன்றை அப்படிச் சீவிக் கொடுத்தேன், வீட்டுக் கறுப்பு மிஷினில் அவனே உட்கார்ந்து தைத்தான். கடைசி மூலையில் சக்கரத்தைக் கையால் திருப்பி, ஊசியை உள்ளேயே நிறுத்தி, மிஷின் காலைத் தூக்கித் தோலைத் திருப்பினான். ஓரம் சரியாக வந்தது. அந்த மிஷினையே எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன், ஆர்டர் மாதம் 50 தாண்டட்டும், அவனோடு ஆம்பூருக்குப் போய் நானே போஸ்ட் பெட் பார்த்து வாங்கித் தருகிறேன்.