கொட்டகலை மழையும் எங்கள் ரோலர் டோரும்: ஹட்டன் சர்விஸ் கடை பற்றி

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா போகும் ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இரண்டு தம்பிமார் ரோலர் டோர், அதாவது மேலே சுருண்டு ஏறுகிற கராஜ் தகட்டுக் கதவு, பழுது பார்க்கிறார்கள். ஒழுங்கான பெயர்ப்பலகை கிடையாது. தகரத்தில் பெயின்ட் அடித்து வாசலில் சாத்தி வைத்திருக்கிறார்கள். புதுக் கதவு விற்பதில்லை, ரிப்பெயாரும் சர்விஸும் மட்டும்தான். எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். புதுக் கதவு விற்கிற நோக்கம் இல்லாதவர் இருக்கிற கதவைப் பொறுமையாகப் பார்ப்பார்.

எங்கள் வீடு கொட்டகலையில். என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கராஜ் திறந்தாக வேண்டும், இல்லையென்றால் தோட்டத்துப் பிள்ளைகள் பனியில் ரோட்டோரம் காத்துக்கொண்டு நிற்பார்கள். கராஜ் மேற்குப் பார்த்தது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரைக்கும் சாரல் முழுக்க அந்தக் கதவின் மேல்தான். அப்படிப்பட்ட இடத்தில் ரோலர் டோர் எப்படி உழைக்கிறது, எங்கே கெடுகிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கண்டி, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

கதவைப் பூட்டித் தந்தது வேறு ஒரு கம்பனி. பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு காலையில் ரிமோட்டை அமுக்கினால் பாதி தூரம் ஏறி நின்றுவிடும். இல்லாவிட்டால் இறங்கும்போது தரையைத் தொடாமலே திரும்பி மேலே போகும். கம்பனியிலிருந்து ஆள் வந்தார், மோட்டார் பெட்டியைத் திறந்து ஏதோ திருகினார், கதவு ஏறியது, போய்விட்டார். சில மாதத்தில் மறுபடி அதே பிரச்சினை. மறுபடி வந்து திருகல். கடைசியில் "மோட்டார் பழசாகிவிட்டது, புதுசு போடுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்ட பிறகுதான் ஹட்டன் கடைக்குப் போனேன்.

வந்தது மூத்த தம்பி. மோட்டார் பக்கமே போகவில்லை. முதலில் கரண்டை நிறுத்தினார். கதவை மூடிய நிலையில் வைத்து, மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்தார். அதை இழுத்தால் மோட்டார் கதவை விட்டுவிடும், கதவைக் கையால் தூக்கலாம். இரண்டு கையாலும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியை மெதுவாகத் தளர்த்தினார். கதவு கையை அமுக்கிக்கொண்டு மளமளவென்று கீழே வந்தது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குக்கா. கதவுதான் பாரமாயிருச்சு," என்றார்.

விஷயம் இதுதான். ரோலர் டோரின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மேலே தகடு சுற்றிக்கொள்கிற உருளைக்குள் குறுக்கே ஒரு பைப் போகிறது, அந்தப் பைப்பைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கிறது. கதவு இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏறும்போது அந்த முறுக்குத்தான் தகட்டை இழுத்துச் சுருட்டுகிறது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் பெரிய கதவையும் ஒரு கையால் தூக்கலாம், பாதியில் விட்டால் அங்கேயே நிற்கும். மோட்டாருக்கு அந்தச் சமநிலையைக் கொஞ்சம் அசைக்கிற வேலைதான். ஸ்பிரிங் தளர்ந்துபோனால் முழுப் பாரமும் மோட்டாரின் பல்சக்கரத்தில் விழும்.

கம்பனி ஆள் திருகிக்கொண்டிருந்தது மோட்டாரின் விசை அளவை. கதவு எதிலாவது முட்டினால் மோட்டார் அந்தத் தடையை உணர்ந்து நிற்க வேண்டும், அல்லது திரும்பி மேலே போக வேண்டும். அந்த அளவைக் கூட்டிவிட்டால் பாரமான கதவும் ஏறத்தான் செய்யும். ஆனால் கீழே ஒரு பிள்ளை நின்றாலும் சட்டென்று உணராமல் அமுக்கும். இதைத் தம்பி விளக்கியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதியம் வேன் வந்து நிற்கும்போது எங்கள் வாசலில் எப்போதும் நாலைந்து பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டிருக்கும். பழுதைக் கண்டுபிடிக்காமல் பாதுகாப்பைக் குறைத்துவிட்டுப் போனதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

டோர்ச் அடித்து உருளைக்குள் காட்டினார். இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்றில் சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி. உடைந்து, உடைந்த இடத்தில் துருவும் ஏறியிருந்தது. கராஜ் கதவு ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை திறந்து மூடுவது என்பது பொதுவாகச் சொல்கிற ஆயுள். ஸ்கூல் வேன் வைத்திருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை என்று போட்டால் ஏழு வருஷத்துக்குள் அது முடிந்துவிடும். எங்கள் ஊர் ஈரத்தில் அதற்கு முன்னாலேயே துரு வேலையைக் காட்டிவிடுகிறது.

உடைந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்றச் சொன்னார். மற்றதும் அதே வயசு, அதே ஈரம் குடித்தது. புதிதும் பழையதும் சேர்ந்தால் கதவு ஒரு பக்கமாக இழுக்கும். என் அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், அவரும் ஜோடிச் சாமானை ஜோடியாகத்தான் மாற்றுவார். சரி என்றேன்.

வேலை நடந்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கதவை முழுக்க மேலே சுருட்டி, அது அவிழாதபடி கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினார்கள். தம்பியின் தம்பி ஏணியில் நின்று ஒரு பெரிய பைப் ரெஞ்சால் நடுப் பைப்பைப் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான் மூத்தவர் பிராக்கெட்டில் அந்தப் பைப்பை இறுக்கிப் பிடிக்கிற யூ-போல்ட்டைத் தளர்த்தினார். ஸ்பிரிங்கின் முறுக்கு முழுவதும் அந்த ரெஞ்சில் இறங்கியது. பையனின் முழங்கை நடுங்குவதைக் கீழேயிருந்து பார்த்தேன். அந்த நேரத்தில் பிடி நழுவினால் ரெஞ்சே சுழன்று ஆளை அடிக்கும். இதை யூடியூப் பார்த்து வீட்டில் யாரும் செய்யக் கூடாது. வெல்டிங் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணன் என்றாலும் வேண்டாம்.

ஸ்பிரிங் மாட்டி முறுக்கேற்றிய பிறகு மறுபடி கையால் தூக்கிப் பார்த்தார்கள். இடுப்பளவில் விட்டால் நின்றது. அதற்குப் பிறகுதான் மோட்டாரை இணைத்து, கம்பனி ஆள் கூட்டி வைத்திருந்த விசையைக் குறைத்தார். ஒன்றரை அங்குல உயரமுள்ள பலகைத் துண்டைத் தரையில் படுக்க வைத்து, கதவை ரிமோட்டால் இறக்கினார். பலகையைத் தொட்டதும் கதவு திரும்பி ஏறியது. "மாசத்துக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்கக்கா, திரும்பலேன்னா கூப்பிடுங்க," என்று பலகையையும் கராஜ் மூலையில் வைத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் இந்த மாதிரிப் பாதுகாப்பு இல்லாத கராஜ் மோட்டாரை 1993 ஜனவரி முதல் தயாரிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாம் வாங்கும்போது இதை நாமே கேட்டு, கண் முன்னால் செய்து காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சென்சர். வாசலின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில் இருக்கிற இரண்டு கண்கள். நடுவில் யாராவது நின்றால் கதவு இறங்காது. எங்கள் பக்கத்துப் பனியில் அந்தக் கண்ணில் நீர் படிந்து, யாருமே இல்லாதபோதும் கதவு அடம் பிடிக்கும். அதற்காகச் சென்சரைக் கழற்றி வயரை முறுக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இந்தத் தம்பி பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே ஒரு சின்னக் கூரை மாதிரி ஒட்டினார். அதற்குப் பிறகு சாரல் நேராக அடிப்பதில்லை. காலையில் சின்ன லைட் மினுக்கினால் காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் எனக்கு இந்த ரிப்பெயாரில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

மோட்டார் பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தது. பெட்டியின் கதகதப்புக்குப் பல்லி வருமாம். உள்ளே இருக்கிற சர்க்கிட் போர்டில் குறுக்கே ஏறினால் ஷோர்ட் ஆகிவிடும். வயர் நுழைகிற ஓட்டையைச் சுற்றிச் சிலிக்கன் அடித்து மூடினார். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடி முழங்கத் தொடங்கினால் ப்ளக்கைக் கழற்றிவிடச் சொன்னார். அவர்களிடம் வருகிற எரிந்த போர்டுகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் வருபவைதானாம்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு போனதால் நாடே இருண்டது. அதே வருஷம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். மலையகத்தில் பேட்டரி இல்லாத மோட்டார் வாங்குவதில் அர்த்தமே இல்லை. வாங்கிய பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் பேட்டரியிலேயே கதவைத் திறந்து பாருங்கள். அதைவிட முக்கியம், சிவப்புக் கயிறு எங்கே, எப்படி இழுப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் மாமியாருக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். கதவு மேலே இருக்கும்போது கயிற்றை இழுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு அப்படியே விழும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் செய்வது நேர்மாறு. பக்கத்துச் சட்டத்துக்குள் கிரீஸ் அப்புவார்கள். அதில் ரோட்டுத் தூசி ஒட்டும், ஜனவரிக் குளிரில் இறுகும், கதவு இன்னும் பாரமாகும். சட்டத்தைத் துணியால் துடைத்துச் சிலிக்கன் ஸ்ப்ரே மட்டும் அடிக்க வேண்டும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் நல்லது, ஆனால் நீண்ட நாள் வழுக்கலுக்கு அதை நம்பக் கூடாது. தகட்டுக்கும் அடிக்கடி தண்ணீர் தேவை. இந்த சிங்க்-அலுமினியத் தகட்டின் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், மிச்சம் பெரும்பாலும் துத்தநாகம். மழை கழுவுகிற இடம் பிழைத்துக்கொள்ளும். மழை படாமல் அழுக்கு தங்குகிற உள்பக்கமும் அடிவிளிம்பும்தான் முதலில் அரிக்கும். மெதுவான சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். கராஜில் மேசன் வேலை நடந்தால் கதவை மூடிப் போர்த்துங்கள், ஈரச் சீமெந்து தெறித்தால் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும்.

ரிமோட் ஒன்று தொலைந்திருந்தது. மோட்டாரின் நினைவிலிருந்து எல்லா ரிமோட்டையும் அழித்து, கையில் இருப்பதை மட்டும் திரும்பப் பதிந்து தந்தார்கள். எங்களுடையது ஒவ்வொரு தடவையும் கோட் மாறுகிற வகை. பழைய வகையில் கோட் மாறாது, சாவி வெட்டுகிற கடையிலேயே இன்னொன்று எடுத்துவிடலாம். உங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் குறையும் உண்டு. காலையில் போனை எடுக்கமாட்டார்கள், வேலைத்தளத்தில் இருப்பார்கள். இரவு ஏழுக்கு மேல் எடுத்தால்தான் பேசலாம். சில பிராண்டின் போர்டு கொழும்பிலிருந்து வர வேண்டும், வருகிற நாளைச் சரியாகச் சொல்வதில்லை. உத்தரவாதம் ஸ்பிரிங்குக்கு ஒரு வருஷம் மட்டும். பில் கையால் எழுதித் தருகிறார்கள், எந்தப் பாகம், என்ன அளவுக் கம்பி என்று எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருந்தது. கடைகளுக்குப் போடுகிற பெரிய இரும்பு ஷட்டர்க் கதவுக்கும் வருவார்கள், மடிந்து கூரைக்குப் போகிற பலகைக் கதவை எடுப்பதில்லை.

பணம்: எங்களுக்கு வந்து பார்த்த கூலி 7,500 ரூபாய், பாகங்கள் தனி. மோட்டாரை மாற்றச் சொன்ன கம்பனியின் கணக்கோடு வைத்துப் பார்த்தால் மொத்தச் செலவு பாதிகூட வரவில்லை. தலவாக்கலைக்கு அந்தப் பக்கம் என்றால் பயணச் செலவு சேரும், முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகிறபோது கதவின் அகலம், உயரம் இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு, மோட்டாரின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துப் போங்கள். ஸ்பிரிங் கம்பியின் தடிப்பு கதவின் பாரத்தைப் பொறுத்து மாறும், அளவு தெரிந்தால் ஒரே வருகையில் வேலை முடிந்துவிடும்.