நாய் வேலிக்கு எந்த வயர்? கேஜை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

மிச்சிகனில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நாய்க்கு நிலத்தடி மின்வேலி போடப் போகிறாராம். எல்லையோரம் மண்ணில் புதைத்த வயரில் டிரான்ஸ்மிட்டர் சிக்னல் அனுப்பும், நாய் கிட்டே போனால் அதன் கழுத்துக் காலர் எச்சரிக்கும், அந்த வேலி. "கிட்டோட வர்ற 20 கேஜ் போதுமா, இல்ல 14 வாங்கணுமா?" என்று கேட்டார். (கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண். எண் குறைந்தால் வயர் தடிக்கும்.) ஒரு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை.

எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். முதல் வேலியைப் போட்டது ஒரு கான்ட்ராக்டர். கிட்டில் வந்த அதே 20 கேஜ்: 0.8 மி.மீ. செம்பு, மேலே பெயருக்கு ஒரு பிவிசி உறை. எங்கள் நாய் கருப்பன், எல்லையில் நட்ட பயிற்சிக் கொடிகளைப் பார்த்தே எல்லையைப் பிடித்துக்கொண்டான். அதில் குறையே இல்லை. குறையெல்லாம் கராஜுக்குள்ளிருந்துதான் வந்தது.

வயர் அறுந்தால் கராஜில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் கீச்சிடும். தேவையான வசதிதான். ஆனால் எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. நள்ளிரவில் கத்தும், காலையில் தானாக அடங்கும், விருந்தாளி வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். புல்லின் மேல் தற்காலிகமாக ஒரு நீள வயரை இழுத்து, பாதி பாதியாக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் டிரைவ்வே ஓரம் ஒரு ஜாயின்ட் அகப்பட்டது. முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, புதைத்துவிட்டுப் போயிருக்கிறார் மகராசன். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைக் களிம்புதான். விரல் பட்டதும் உதிர்ந்தது.

எல்லோரும் கேஜைப் பற்றியே பேசுகிறார்கள். 1000 அடிக்கு மின்தடை 20 கேஜில் சுமார் 10 ஓம், 14 கேஜில் 2.5 ஓம். வித்தியாசம் நான்கு மடங்கு என்றாலும், சாதாரண வீட்டு மனைக்கு டிரான்ஸ்மிட்டர் இரண்டையும் சமாளித்துவிடும். தடித்த வயரின் லாபம் வேறு: பனியில் மண் உறைந்து இளகும்போது வரும் இழுப்பைத் தாங்கும், புல்தரை ஓரம் வெட்டும் எட்ஜரின் பிளேடு உரசினாலும் சட்டென்று அறாது. அதைவிட முக்கியம் உறை. நேரடியாக மண்ணில் புதைப்பதற்கென்றே வரும் பாலிஎத்திலீன் உறை இருக்கிறதா என்று பாருங்கள். 45 மில், அதாவது 1.1 மி.மீ. தடிமன் கிடைக்கிறது. மலிவு என்று ஹார்ட்வேர் கடையில் டிஹெச்ஹெச்என் வாங்கிவிடாதீர்கள். அது குழாய்க்குள் போக வேண்டிய வயர், ஈர மண்ணுக்கு ஆகாது. ஜாயின்ட் எத்தனை குறைவோ அத்தனை நிம்மதி. தவிர்க்க முடியாத இடத்தில் ஜெல் நிரப்பிய நீர்புகாக் கனெக்டர்தான் போட வேண்டும். டேப் கூடவே கூடாது.

பிறகு நானே 14 கேஜ் ஒற்றைக்கம்பி வயராக மாற்றினேன். வளைக்க அடம்பிடிக்கும், மூலையில் துள்ளி மேலே வரும், டிரான்ஸ்மிட்டரின் குட்டி முனையத்துக்குள் நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் கராஜ் வாயை மூடிக்கொண்டது. அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முறுக்கு வயர்தான். கராஜிலிருந்து எல்லை வரை போகும் இரண்டு வயரையும் அடிக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றாக முறுக்கினால், எதிரெதிராக ஓடும் மின்னோட்டம் ஒன்றன் சிக்னலை மற்றொன்று அழித்துவிடும். காலர் மூச்சுவிடாது, நாய் அதன் மேல் தாராளமாக நடக்கும். முறுக்கியதையே கடையில் தனி விலைக்கு விற்கிறார்கள். அதற்குப் பதில் நாமே இரண்டு முனையை டிரில்லில் மாட்டி ஓட்டினால் வேலை முடிந்தது.

ஆக நண்பருக்குப் பதில்: 14 கேஜ், தடித்த பாலிஎத்திலீன் உறை. தோண்டும் முன் 811-க்குப் போன் செய்தால் கேஸ், கரண்ட் லைன் போகும் இடங்களை இலவசமாகக் குறித்துத் தருவார்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் அவர் சொல்கிறார், அவர்கள் ஹெச்ஓஏவில் (குடியிருப்போர் சங்கத்தில்) மரவேலி போட அனுமதி உண்டாம். அப்புறம் எதற்கய்யா இந்த வயர்? கயோட்டி (ஓநாய் போன்ற காட்டு விலங்கு) உள்ளே வந்தால் இந்த வேலி அதைத் தடுக்காது. மரவேலியே போடுங்கள்.