தறிக்கூடத்துக்கு எது தோது: பஞ்சா, பிளக்கா, மஃபா?

மதுரை செல்லூரில் விசைத்தறி ஓடும் தெருவில் நடந்தாலே காது அடைக்கும். உள்ளே நிற்பவர்களுக்கு அது நாள் முழுக்க. நாடா அடித்து ஓடும் தறிக்கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தொடுவது சகஜம். தொழிற்சாலை விதிகள் 90 டெசிபலில் 8 மணி நேரமும் 95-ல் 4 மணி நேரமும்தான் அனுமதிக்கின்றன. சத்தத்தால் போன காது திரும்பாது. அதனால் காதைக் காக்க எதை மாட்டுகிறோம் என்பது முக்கியம்.

பஞ்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காதில் எதையோ வைத்திருக்கிறோம் என்ற தைரியத்தைத் தவிர அது பெரிதாக எதையும் தருவதில்லை.

ஃபோம் பிளக், அதாவது காதுக்குள் செருகும் மெத்தென்ற அடைப்பான், விலை குறைவு, சத்தத்தையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் போடும் விதம் சரியாக இருக்க வேண்டும். விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். அறுந்த இழையை முடிந்த எண்ணெய்க் கையோடு இதை எத்தனை தடவை செய்வது? பாதி உள்ளே, பாதி வெளியே என்று போட்டால் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் அச்சிட்ட எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மஃப், அதாவது ஹெட்போன் மாதிரி காதை முழுக்க மூடும் கவசம், மாட்டுவது சுலபம். ஆனால் கண்ணாடி போட்டிருந்தால் அதன் காம்பு இடைவெளி விடும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வியர்த்துக் கழற்றிவிடுவார்கள். அங்கேதான் வினை. 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றினாலே, எவ்வளவு உசத்தியான சாதனமும் மொத்தத்தில் சுமார் 12 டெசிபலுக்கு மேல் காக்காது. மேலூர்ப் பக்கம் கிரானைட் அறுப்பவர், பாத்திரப் பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவர் போல விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு மஃப் சரி.

தறிக்காரருக்கு என் ஓட்டு ரப்பர் மாதிரியான சிலிக்கோன் பிளக்குக்குத்தான். உருட்ட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவலாம், நாளெல்லாம் காதில் இருக்கும். கயிறு இல்லாததாக வாங்குங்கள். கயிறு இருந்தால் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், தறியில் சிக்கிவிடக்கூடாது. எல்லார் காதும் ஒரே அளவில்லை, அதனால் முதலாளிமார் இரண்டு அளவாவது வாங்கித் தர வேண்டும். போட்டபின் தறி ஓடும்போது இரு கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி போடுங்கள்.