விம், இமாக்ஸ், நியோவிம்: மூன்று யூனிக்ஸ் இயந்திரங்களில் சோர்ஸிலிருந்து கட்டிப் பார்த்தபோது

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. டெபியன் லினக்ஸ் ஓடும் 4 ஜிபி பழைய லேப்டாப் ஒன்று, ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் போட்ட டவர் கணினி ஒன்று, அப்புறம் தங்கச்சி விட்டுப்போன ஆப்பிள் மேக். மூன்றிலும் ஒரே எடிட்டர், ஒரே பதிப்பு, ஒரே வசதிகளோடு வேண்டும் என்று அக்னி நட்சத்திர விடுமுறையில் உட்கார்ந்தேன். பக்கத்துத் தெருத் தம்பி, கல்லூரியில் படிப்பவன், "ஏன்ணா, பேக்கேஜ் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே?" என்று கேட்டான். முடியும்தான். ஆனால் டெபியனின் சாதாரண விம் பேக்கேஜில் கிளிப்போர்டு வசதி கிடையாது, ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒவ்வொரு பதிப்பு வரும், ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத இடத்தில் பேக்கேஜே போட முடியாது. சோர்ஸ், அதாவது நிரலின் மூலக் கோடு, கையில் இருந்தால் அதை நாமே கம்பைல் செய்து, அதாவது கட்டி, நம் ஹோம் அடைவுக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம்.

நான் கட்டிப் பார்த்த விம், இமாக்ஸ், நியோவிம் என்ற மூன்று உரை எடிட்டர்களுக்கும் பெரிய வித்தியாசம் எங்கே என்றால், தேவையான நூலகம் ஒன்று இல்லாதபோது ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதில்தான். விம் அந்த வசதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும், இமாக்ஸ் நின்று கேட்கும், நியோவிம் தானே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இது தெரிந்தால் எதை எங்கே கட்டுவது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

முதலில் விம். பிராம் மூலேனார் 1991இல் அமிகா கணினிக்காக வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் அவர் மறைந்த பிறகும் வேலை நிற்காமல் நடக்கிறது, 2024 ஜனவரியில் 9.1 வந்தது. எத்தனையோ யூனிக்ஸ்களில் ஓடி ஓடித் தேய்ந்த பழக்கம் அதன் சோர்ஸில் தெரியும். இயந்திரத்தில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஏற்கெனவே உருவாக்கி சோர்ஸ் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதனால் அந்த ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் இல்லாத இயந்திரத்திலும் நேரடியாக மேக் (make) என்ற கட்டும் கட்டளையைக் கொடுத்தால் வேலை நடக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் க்னூ மேக்கைத் தேடிப் போக வேண்டாம், அங்கே இருக்கும் சொந்த மேக்கே போதும். யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) அடைவில் கிடக்கும் நூலகங்களையும் தானாகவே போய்ப் பார்க்கும். டெபியனில் என்கர்சஸ் என்ற டெர்மினல் நூலகத்தின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லாவிட்டால் மட்டும் 'டெர்மினல் நூலகம் வேண்டும்' என்று நின்றுவிடும், அதைப் போட்டால் சரி.

சிக்கல் அதற்கு அப்புறம் வரும். பைதான் 3 வேண்டும் என்று கேட்டுக் கட்டுகிறீர்கள், கம்பைல் செய்யத் தேவையான பைதானின் ஹெடர் கோப்புகள் இல்லை, விம் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு முழுதாகக் கம்பைல் ஆகி முடியும். ரெண்டு நாள் கழித்து ஏதோ ஒரு பிளகின் ஓடாதபோதுதான், வெர்ஷன் பட்டியலில் பைதானுக்கு முன்னால் பிளஸ் இல்லை, மைனஸ் நிற்கிறது என்று பார்ப்பீர்கள். கான்ஃபிகர் செய்யும்போதே 'ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்' என்ற விருப்பத்தை எனேபிள் செய்துவிடுங்கள், கேட்டது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பல பேர் இதைப் போடுவதே இல்லை, என்னைக் கேட்டால் எல்லோரும் போட வேண்டியது. இன்னொன்று, சோர்ஸ் அடைவில் மேக் கட்டளை படிக்கும் மேக்ஃபைலில் கமென்ட் குறியை எடுத்துவிட்டால் வசதிகள் சேரும் என்று அதிலேயே எழுதியிருக்கும், அது உண்மைதான், ஆனால் அந்தக் கோப்பைத் திருத்தினால் அடுத்த முறை கிட் (git) வழியாக சோர்ஸைப் புதுப்பிக்கும்போது மோதும். விருப்பங்களை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது, நான் இயந்திரத்துக்கு ஒன்றாக மூன்று வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது எல்லோருடைய ஹோம் அடைவும் என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாகப் பொதுவில் இருந்தது, லினக்ஸில் உட்கார்ந்தாலும் ஃப்ரீபிஎஸ்டியில் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள். லினக்ஸில் விம் கட்டியிருந்த அதே அடைவில், அடுத்த இயந்திரத்துக்குப் போய் மேக் கொடுத்தேன். கான்ஃபிகர் முடிவுகள் ஏற்கெனவே இருப்பதால் அது மறுபடி ஓடவே இல்லை, லினக்ஸுக்காகக் கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைக்கப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டியது. ஒரு முழு மதியம் போனது. பழைய கட்டுமானத்தைத் துடைக்கும் மேக் டிஸ்ட்கிளீன் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும், ஆனால் அதைவிட நல்ல வழி மேக் ஷேடோ. சோர்ஸுக்கு இணைப்புகள் மட்டும் கொண்ட தனி அடைவை அது உருவாக்கும், ஷேடோடிர் என்ற மாறியில் பெயரை மாற்றி ஒவ்வொரு யூனிக்ஸுக்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சோர்ஸ், தனித்தனி கட்டுமானம்.

இமாக்ஸில் இந்தத் தொல்லை இன்னும் குறைவு. வெளியே ஒரு காலி அடைவைத் திறந்து அங்கிருந்தே கான்ஃபிகரைக் கூப்பிட்டால் போதும், ஆப்ஜெக்ட் எல்லாம் அங்கேயே விழும், ஆனால் மூல அடைவில் அதற்கு முன் கட்டியிருக்கக் கூடாது. ஒரு காலத்தில் இமாக்ஸ் கட்டுபவர்கள், இயக்க முறைமைக்கு ஒரு ஹெடர், இயந்திரத்துக்கு ஒரு ஹெடர் என்று தேர்ந்தெடுத்துத் தாங்களே கோப்பில் எழுத வேண்டியிருந்தது, 'எஸ்', 'எம்' என்று அவற்றுக்குத் தனி அடைவுகளே இருந்தன. இப்போது எல்லாவற்றையும் ஆட்டோகான்ஃப் பார்த்துக்கொள்கிறது. இமாக்ஸின் பெரும்பகுதி எழுதப்பட்ட லிஸ்ப் மொழிக் கோடை ஏற்றிய நினைவகத்தை அப்படியே ஓடும் கோப்பாக எழுதுகிற பழைய முறையும் ஒவ்வொரு யூனிக்ஸிலும் ஒவ்வொரு விதமாகத் தகராறு செய்தது, 2020இல் 27.1 கொண்டுவந்த போர்ட்டபிள் டம்பர் அந்தத் தலைவலியை இறக்கி வைத்தது.

கிட்டிலிருந்து எடுத்தால் முதலில் கான்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், அதற்கு ஆட்டோகான்ஃப் தேவை. வெளியீட்டின் சுருக்கிய சோர்ஸ் கோப்பான டார்பால் எடுத்தால் தேவையில்லை. பிஎஸ்டியில் க்னூ மேக் கட்டாயம், ஜிமேக் என்று கூப்பிட வேண்டும். க்னூடிஎல்எஸ் என்ற பாதுகாப்பு இணைப்பு நூலகம் மாதிரி ஒன்று இல்லாவிட்டால் எவை எவை கிடைக்கவில்லை என்று பட்டியல் போட்டு நின்றுவிடும், வேண்டாமென்றால் அதை நீங்களே எழுதிச் சொல்ல வேண்டும். முதல் தடவை இது எரிச்சலாக இருக்கும், எனக்கும் இருந்தது, ஆனால் விம் என்னை ஏமாற்றிய மாதிரி இது ஏமாற்றவில்லை. கடைசியில் எதெது சேர்ந்தது, எதெது சேரவில்லை என்று ஆம் இல்லை பட்டியலும் தரும். ஆப்பிள் மேக்கில் 'வித் என்எஸ்' விருப்பம் போட்டால் முழு ஆப்பாகவே வந்து நிற்கும், அங்கே வேறு வம்பு இல்லை.

நேரத்தைத்தான் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். லிஸ்ப் கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் நேட்டிவ் கம்பைலேஷன் இமாக்ஸ் 28இல் வந்தது, 2025இல் வந்த 30 முதல் அதற்கான லிப்ஜிசிசிஜிட் நூலகம் இருந்தாலே தானாகச் சேர்ந்துகொள்ளும். நம்ம ஊர் மே மாத வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அந்த 4 ஜிபி லேப்டாப்பில் இதைப் பகலில் ஓட்டாதீர்கள். விசிறி அலறும், வேகம் தானாகக் குறையும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போவேன், இல்லை அந்த வசதியை 'வித்தவுட்' போட்டு எடுத்துவிடுவேன்.

நியோவிம் 2014இல் விம்மிலிருந்து கிளைத்தது, ஆட்டோகான்ஃபை விட்டுவிட்டு சிமேக் என்ற வேறு கட்டுமானக் கருவிக்கு மாறியது. லிப்யூவி, லுவாஜிட், ட்ரீ-சிட்டர் என்று தனக்குத் தேவையான நூலகங்கள் எல்லாவற்றையும் கட்டும்போதே இறக்கி டாட்-டெப்ஸ் அடைவில் தனியாகக் கட்டிக்கொள்ளும். அதனால் டெபியனிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அதே நூலகப் பதிப்புகள் கிடைக்கும், இது உண்மையிலேயே பெரிய நிம்மதி. பைதானைக் கட்டும்போது இணைப்பதே இல்லை, தனிச் செயலாக ஓட்டுகிறது, ஆகவே விம்மில் பட்ட அவதி இங்கே கிடையாது. ஆனால் நெட் இல்லாமல் நகராது, நான் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் கட்டும்போது கரண்ட் போய் டவர் கணினியும் அணைந்து பாதியில் நின்ற இறக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பிஎஸ்டியில் இதற்கும் ஜிமேக்தான். நிறுவும் இடத்தை மாற்றினால் பழைய பில்ட் அடைவை அழித்துவிட்டுக் கட்டுங்கள்.

சரி, தமிழ்? எனக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது. டெர்மினலில் மூன்றுமே தடுமாறும், 'கொ', 'கீ' போன்றவற்றுக்கு எத்தனை கட்டம் என்பதில் டெர்மினல் ஒரு கணக்கும் எடிட்டர் ஒரு கணக்கும் வைத்திருந்தால் கர்சர் ஓரிடத்தில், எழுத்து வேறிடத்தில். இமாக்ஸை வரைவதற்கான கெய்ரோ, எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் ஹார்ஃப்பஸ் ஆகிய இரண்டு நூலகங்களோடும் வரைகலைச் சாளரமாகக் கட்டினால் தமிழ் அச்சில் பார்ப்பது போலவே நிற்கிறது. ஹார்ஃப்பஸின் டெவலப்மென்ட் பேக்கேஜை கான்ஃபிகருக்கு முன்பே போட்டுவிடுங்கள், சேர்ந்ததா என்று பார்க்க 'சிஸ்டம்-கான்ஃபிகரேஷன்-ஃபீச்சர்ஸ்' என்ற மாறியில் இரண்டு பெயரும் இருக்கிறதா பாருங்கள், பிறகு கன்ட்ரோல் ஹெச்சும் ஹெச்சும் அழுத்தினால் வரும் பல மொழி வணக்கப் பக்கத்தில் நம்ம 'வணக்கம்' உடையாமல் தெரிய வேண்டும்.

இப்போது லேப்டாப்பிலும் மேக்கிலும் தமிழ் எழுத இமாக்ஸ், டவரிலும் வெளியே போய் உட்காரும் எந்த யூனிக்ஸிலும் விம். தம்பி நியோவிம் எடுத்துக்கொண்டான், அவன் வீட்டில் ஃபைபர் இணைப்பும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன.