இரண்டு ‘ஹேர்ஸ்ப்ரே’க்கள்: 1988-இன் கிண்டலும் 2007-இன் கொண்டாட்டமும்

‘ஹேர்ஸ்ப்ரே’ என்ற பெயரில் இரண்டு திரைப்படங்கள் உள்ளன. முதலாவது, 1988-இல் ஜான் வாட்டர்ஸ் எழுதி இயக்கியது. அதை மூலமாகக் கொண்டு 2002-இல் பிராட்வே மேடையேறிய இசை நாடகத்தை ஆடம் ஷாங்க்மன் 2007-இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார். இரண்டின் கதைக்கருவும் ஒன்றே. 1962-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வாழும், பருமனான உடலும் உச்சிவரை உப்பிய கூந்தலும் கொண்ட ட்ரேசி டர்ன்பிளாட் என்ற பள்ளி மாணவி, உள்ளூர்த் தொலைக்காட்சியின் நடன நிகழ்ச்சியில் இடம்பிடிக்கிறாள். வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே ஆடும் அந்தத் தளத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் சேர்ந்து ஆட வேண்டும் என்று போராட்டத்தில் இறங்குகிறாள். இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், பாட்டுக்குப் புதியது, சிரிப்புக்குப் பழையது என்ற பதிலே வழக்கமாகக் கிடைக்கிறது. இன ஒருங்கிணைப்பு என்ற மையப் பொருளை எந்தப் படம் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறது என்று கேட்பவருக்கு அந்தப் பதில் போதாது.

இரண்டையும் உரசிப் பார்க்க நடந்த வரலாறே இருக்கிறது. பால்டிமோரின் டபிள்யூ.ஜே.இசட். தொலைக்காட்சியில் 1957 முதல் ஒளிபரப்பான ‘பட்டி டீன் ஷோ’தான் படத்தில் வரும் நிகழ்ச்சிக்கு முன்மாதிரி. அதில் நிலையாக ஆடிய பிள்ளைகளின் குழுவுக்குக் ‘கமிட்டி’ என்று பெயர். அவர்கள் நகரத்தின் குட்டி நட்சத்திரங்களாகவே வலம்வந்தனர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவர்களோடு ஆட அனுமதி இல்லை; எப்போதாவது ஒரு தனி நாள் ஒதுக்கப்பட்டது. 1963 ஆகஸ்டில் கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான போராட்டத்தில் ஈடுபட்டிருந்த இளைஞர்கள் முன்னறிவிப்பின்றி அரங்கில் கூடி, இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவதை ஒளிபரப்பில் நிகழ்த்திக் காட்டினார்கள். அதன்பின் என்ன நடந்தது என்பதே இங்கு முக்கியம். சேர்ந்து ஆட அனுமதிப்பதைவிட நிகழ்ச்சியையே மூடிவிடுவது மேல் என்ற முடிவுக்கு நிலையம் வந்தது; 1964 ஜனவரி 4 அன்று அது கடைசியாக ஒளிபரப்பானது. சிறுவயதில் அந்த நிகழ்ச்சியின் தீவிர ரசிகராக இருந்த வாட்டர்ஸ், நடக்காமல் போன நல்ல முடிவைத் திரையில் கற்பனை செய்தார். ஆகவே இரண்டு படங்களுமே வரலாற்றின் இறுதிப் பக்கத்தைத் திருத்தி எழுதியவைதாம். எதற்காகத் திருத்தின, யாருக்குச் சாதகமாகத் திருத்தின என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

வடிவத்திலிருந்து தொடங்கலாம். 1988-ஆம் ஆண்டுப் படத்தை இசைப்படம் என்று அழைப்பது பாதிதான் பொருந்தும். அதில் பாத்திரங்கள் தம் மன உணர்வை வாய்விட்டுப் பாடுவதில்லை. அக்காலத்து இசைத்தட்டுகள் சுழல்கின்றன, பிள்ளைகள் அவற்றுக்கு ஆடுகிறார்கள். இதில் ஒரு துல்லியம் இருக்கிறது. வரிசையில் நின்று, அழைப்பவர் சொல்லச் சொல்ல அடியெடுத்து வைக்கும் ‘மேடிசன்’ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ரே பிரையன்ட் குழுவின் இசைத்தட்டில் அழைப்புக் குரல் அறிவிக்கும் அசைவுகளில் ஒன்று, கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைனின் பந்து வீச்சைப் போலச் செய்வது. கறுப்பின வீரர் ஒருவரின் கைவீச்சைக் கறுப்பினக் குழுவின் இசைக்கு நடித்துக் காட்டும் வெள்ளையர் பிள்ளைகள், அதே வீரரின் இனத்துப் பிள்ளைகளைத் தளத்துக்குள் விடுவதில்லை. இந்த முரணை எந்த வசனமும் சுட்டிக்காட்டுவதில்லை. ஆட்டமே அதைச் சொல்லிவிடுகிறது. கால ஒழுங்கில் வாட்டர்ஸ் அவ்வளவு கறார் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: தூசான்ட் மெக்கால் நேரில் தோன்றிப் பாடும் காதல் பாட்டு, கதை நடக்கும் ஆண்டுக்குப் பிறகு 1967-இல்தான் வெளிவந்தது. அந்தக் காட்சியின் சோகத்துக்காக அதை மன்னித்துவிடலாம்.

2007-ஆம் ஆண்டுப் படம் முழுமையான இசைப்படம். மார்க் ஷைமன் இசையமைத்து, அவரும் ஸ்காட் விட்மனும் சேர்ந்து எழுதிய பாடல்கள் கதையை நகர்த்துகின்றன. கதை பாட்டில் நகர்வதற்குப் பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கு இந்த வடிவத்தில் எந்தத் தடையும் இருக்காது. ஷாங்க்மனே நடன இயக்குநரும் என்பதால் ஆட்டத்தைப் படம்பிடிப்பதில் தேர்ச்சி தெரிகிறது. பள்ளியில் தண்டனைக்காக உட்கார வைக்கப்பட்ட மாணவர்களிடையே தொடங்கி, பேருந்து வழியாக, கறுப்பினப் பிள்ளைகளுக்கான தனி நாளை நடத்தும் மோட்டர்மவுத் மேபெலின் இசைத்தட்டுக் கடைக்குப் போய்ச் சேரும் பாடலில் அவரது மகன் சீவீடாக நடிக்கும் எலைஜா கெல்லியின் உடல், பழைய படத்தின் எந்த ஆட்டத்தையும் பின்தள்ளிவிடும். ஆட்டம் என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் 2007-க்கே வெற்றி. இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. ஏழரைக் கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், முப்பது லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட படத்தைவிடப் பளபளப்பாக இருப்பதில் வியப்பும் இல்லை. ஆனால் அந்தப் பளபளப்பு ஒன்றை விலையாகக் கேட்கிறது. பழைய படத்தின் தெருக்கள் பால்டிமோரின் தெருக்கள். புதியதன் பெரும்பகுதி கனடாவின் டொரான்டோவில் எடுக்கப்பட்டது. நெரிசலான வரிசை வீடுகள், கிழிந்த திரைச்சீலைகள், காதலர் முத்தமிடும் சந்தில் ஓடும் எலி ஆகியவற்றோடு சேர்ந்தே பழைய படத்தின் ஏழைக் குடும்பம் நம்பும்படி அமைகிறது.

ட்ரேசியின் தாய் எட்னா பாத்திரத்தை ஆண் நடிகரே ஏற்பது எல்லா வடிவங்களிலும் தொடரும் மரபு. 1988-இல் டிவைன், 2007-இல் ஜான் ட்ரவோல்டா. வாட்டர்ஸின் பால்டிமோர் நண்பரான டிவைன், கதையில் மற்றொரு வேடத்தையும் ஏற்றிருக்கிறார்: கறுப்பினப் பிள்ளைகளை அனுமதிக்க மறுக்கும் தொலைக்காட்சி நிலைய முதலாளி ஆர்வின் ஹாட்ஜ்பைலும் அவரே. துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைக்கும் அன்பான தாயும் வெறுப்பை நிர்வாகமாக்கிய முதலாளியும் ஒரே முகம் என்பது வெறும் சிக்கன ஏற்பாடாகவே இருந்திருக்கலாம். ஆயினும் திரையில் அது கூர்மையான கேலியாக விழுகிறது. ட்ரவோல்டாவின் எட்னா வேறு வகை: கூச்சமும் மென்மையும் கொண்ட பெண்மணி. கணவராக நடிக்கும் கிறிஸ்டோபர் வாக்கனோடு அவர் வீட்டுக் கொல்லையில் பாடி ஆடும் காதல் பாட்டு இனிமையானது, ஆனால் இனப் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிவைன் படம் வெளியான சில நாட்களிலேயே, 1988 மார்ச் 7 அன்று, காலமானார் என்பதை அறிந்து பார்க்கும்போது பழைய எட்னா இன்னும் கனக்கிறாள்.

இனி மையப் பொருளுக்கு வருவோம். இரண்டு படங்களின் மீதும் வைக்கப்படும் குற்றச்சாட்டு ஒன்றே: கறுப்பினத்தவரின் போராட்டத்தில் வெள்ளைப் பெண் ஒருத்தியை மீட்பராக்கிவிடுகின்றன என்பது. குற்றச்சாட்டு நியாயமானதுதான், ஆனால் இரண்டுக்கும் சம அளவில் பொருந்தாது. வாட்டர்ஸ் தன் நாயகியையும் கிண்டலிலிருந்து விட்டுவைக்கவில்லை. சந்தில் காதலன் லிங்கோடு கொஞ்சும்போது தன் தோல் கறுப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று ட்ரேசி ஏங்குகிறாள். தோல் வெள்ளையானாலும் நம் ஆன்மா கறுப்புதான் என்கிற பொருளில் அவன் ஆறுதல் சொல்கிறான். இதைப் படம் உருக்கமாகச் சொல்லவில்லை. நல்லெண்ணம் கொண்ட வெள்ளையரின் அசட்டுத்தனத்தை இதைவிட மென்மையாகவும் கொடுமையாகவும் கிண்டல் செய்வது கடினம். ட்ரேசியின் தோழி பென்னியின் தாய் மகளைத் தேடிக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிக்குள் நுழைந்து, எதிரே வரும் ஒவ்வொருவரையும் கண்டு அலறும் காட்சியும் அப்படியே: அங்கே ஆபத்து என்று எதுவுமே இல்லை, அவளது பயத்தைத் தவிர. கறுப்பின இளைஞனைக் காதலித்த பென்னியைத் ‘திருத்த’ வரும் மனநல மருத்துவராக வாட்டர்ஸே தோன்றி மின்கோலை நீட்டுவது சிரிப்பும் திகிலும் கலந்த கட்டம்.

2007-ஆம் ஆண்டுப் படத்தின் ட்ரேசி மீது எந்தக் கிண்டலும் விழுவதில்லை. அவள் ஒளிவீசும் நல்லவள். நிக்கி பிளான்ஸ்கி அவளை நம்பும்படியாகவே நடித்திருக்கிறார். சிக்கல் திரைக்கதையில் இருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தை நோக்கி ஊர்வலம் போகும் எண்ணத்தை முன்வைப்பவளே ட்ரேசிதான்; நாமும் அந்த ஊர்வலத்தைப் பெரும்பாலும் அவளது துணிச்சலாகவே காண நேர்கிறது. காவலரோடு தகராறு, தலைமறைவு, தேடல் என எல்லாப் பரபரப்பும் அவளைச் சுற்றியே. பழைய படத்தில் நிலைமை சற்று வேறு. கேளிக்கைப் பூங்காவில் மூளும் கலவரத்தில் கைதாகிச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்படும் ட்ரேசி, தன்னைத் தானே விடுவித்துக்கொள்வதில்லை. மேபெல் உள்ளிட்டோர் ஆளுநரின் இல்லத்தில் நடத்தும் ஆர்ப்பாட்டமே அவளுக்கு விடுதலை வாங்கித் தருகிறது. மீட்பவர் யார், மீட்கப்படுபவர் யார் என்ற கணக்கை வாட்டர்ஸ் இப்படிக் கலைத்துப் போடுகிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, புதிய படத்திடம் மட்டுமே உள்ள ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது மேபெலாக வரும் குயின் லத்தீஃபா ஊர்வலத்தின் முன்னே நடந்தபடி பாடும் ‘ஐ நோ வேர் ஐவ் பீன்’. மேடை நாடகம் உருவானபோது இந்தப் பாட்டு சோகமானது, உபதேசம் செய்கிறது, உச்சகட்டப் பாட்டை நாயகிதான் பாட வேண்டும் என்றெல்லாம் உள்ளேயே எதிர்ப்பு எழுந்ததாகவும், கறுப்பினப் பாத்திரத்துக்கே அது உரியது என்று தாங்கள் பிடிவாதமாக இருந்ததாகவும் ஷைமன் பதிவு செய்திருக்கிறார். பிடிவாதம் வீண்போகவில்லை. முதல் படத்தில் மேபெலாக நடித்தவர் ரூத் பிரவுன்; 1950-களின் ரிதம் அண்ட் புளூஸ் இசையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. அவரை நடிக்க வைத்தும் முழுமையான பாட்டு ஒன்றை அவருக்குத் தராமல் விட்டது வாட்டர்ஸ் படத்தின் ஈடுசெய்ய முடியாத குறை. வாட்டர்ஸின் கறுப்பினப் பாத்திரங்கள் சாதுரியமாகப் பேசுகிறார்கள், அழகாக ஆடுகிறார்கள். தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் மூன்று நிமிடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பைச் சித்தரிப்பதில் பழைய படத்தின் பார்வை விரிந்தது. அங்கே இனப்பிரிவினை பணத்தோடு பின்னியது. நடன நிகழ்ச்சியின் அழகிப் பட்டத்துக்கு ட்ரேசியோடு போட்டியிடும் ஆம்பரின் தாய் வெல்மா; அவளது கணவர் ஃபிராங்க்லின் வான் டஸ்ஸல், வெள்ளையரை மட்டுமே அனுமதிக்கும் ‘டில்டட் ஏக்கர்ஸ்’ கேளிக்கைப் பூங்காவின் உரிமையாளர். இதற்கு நிஜத்தில் முன்மாதிரி உண்டு. பால்டிமோரை ஒட்டிய க்வின் ஓக் பூங்காவின் முன் 1963 ஜூலையில் நடந்த போராட்டங்களில் சமயத் தலைவர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். வாஷிங்டன் பேரணி நடந்த ஆகஸ்ட் 28 அன்றே அந்தப் பூங்கா எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. 2007-இல் பூங்காவும் இல்லை, பூங்கா முதலாளியும் இல்லை. தீமை முழுவதும் நிலைய மேலாளரான வெல்மா என்ற ஒரே பெண்ணிடம் குவிக்கப்படுகிறது. மிஷெல் ஃபைஃபர் அதைச் சுவையாகச் செய்கிறார். ஆனால் அந்தப் பட்டத்துக்கான போட்டியில் அவள் செய்த தில்லுமுல்லு கேமராவில் அம்பலமாகி வேலை பறிபோனதும் பால்டிமோரின் இனப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது போன்ற தோற்றம் எஞ்சுகிறது. உண்மையில் நிகழ்ச்சியை மூடவைத்தது ஒரு கொடுமைக்காரி அல்ல. தம் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளோடு ஆடக் கூடாது என்ற சாதாரணப் பெற்றோரும், அவர்களைப் பகைத்துக்கொள்ள விரும்பாத நிலையமும்தான்.

லிங்க் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. பழைய லிங்க் தயக்கமின்றிப் போராட்டத்தில் கலந்துகொள்கிறான். புதியவனோ, ஸாக் எஃப்ரான் வடிவில், தன் எதிர்காலத்தை எண்ணி ஊர்வலத்துக்கு வராமல் நின்றுவிடுகிறான். நல்ல பையன்கள் ஒதுங்கி நின்றதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதிதான் என்பதால், 2007-இன் மாற்றம் இங்கே உண்மைக்கு நெருக்கமானது.

முடிவுக் காட்சிகளில் வேறுபாடு தெளிவாகிறது. 1988-இல் வெல்மாவின் பொய்க்கூந்தலில் ஒளித்த வெடிகுண்டு வெடிக்க, கூந்தல் மகள் ஆம்பரின் தலையில் போய் விழுகிறது. ட்ரேசி கரப்பான் பூச்சிகள் அச்சிட்ட உடையில் வந்து எல்லோரையும் ஆடச் சொல்கிறாள். வாழ்க்கையில் இப்படி நடக்காது என்று அந்தக் கோமாளித்தனமே அறிவித்துவிடுவதால், திருத்தப்பட்ட வரலாறு பொய்யாக உறுத்துவதில்லை. 2007-இல் பட்டம் ட்ரேசிக்குப் போகாமல், முன்பு தேர்வில் நிராகரிக்கப்பட்ட கறுப்பினச் சிறுமி இனெஸுக்குப் போகிறது. மேடை நாடகத்தில்கூட வெற்றி ட்ரேசிக்கே என்பதை நினைத்தால் இது சிந்தித்துச் செய்த திருத்தம். ஆனால் இனெஸ் கதையில் இடையிடையே மட்டுமே வருகிறாள். அவளை இன்னும் அதிக நேரம் பார்த்திருந்தால் அந்தக் கிரீடம் பரிசாகத் தோன்றாமல் அவள் வென்றெடுத்ததாகத் தோன்றியிருக்கும்.

2016 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. நேரலையாக ஒளிபரப்பிய மேடை வடிவத்தை, மேபெலாகப் பாடிய ஜெனிஃபர் ஹட்சனின் குரலுக்காக மட்டும் தேடிப் பார்க்கலாம். மற்றபடி அது இந்தப் போட்டியில் இல்லை. நடனத்தில் ஈடுபாடுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதற்கு 2007-ஐயே பரிந்துரைப்பேன். பால்டிமோரில் என்ன நடந்தது, அதில் வெள்ளையரின் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் வந்தது என்று அறிய விரும்புவோருக்கு 1988-தான் என் தேர்வு. அதைப் பார்த்து முடித்ததும் குயின் லத்தீஃபாவின் அந்த ஒரு பாட்டை மட்டும் தனியாகத் தேடிக் கேட்டுவிட வேண்டும்.