கட்டில் படத்தைக் காட்டி 11,400 வெள்ளி வாங்கிப் போனார்கள் – வெளிநாட்டில் கூடைப்பந்து ஆட ஆசைப்படும் பிள்ளைகளின் வீட்டார் கவனத்துக்கு

கோபத்தோடு எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. எங்கள் வீட்டில் 11,400 வெள்ளி போய்விட்டது. பூட்டை உடைத்து எடுத்துப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வாங்கிப் போனார்கள். எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கள் மேலேயே கேஸ் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்துகிறார். வெளிநாட்டு லீக்குகளில் ஆட இடம் வாங்கித் தருவதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் போடுகிறவர்களில் ஒன்று. அது போதும்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். அப்பா இருந்தவரை தோட்டத்து வீடு, அதற்கப்புறம் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், வாடகை வீடு. தம்பிக்கு 22 வயது, ஆறடி மூன்று அங்குலம். தமிழ்ப்பள்ளியில் படித்தான், ஆனால் கூடைப்பந்து கற்றது சீனப்பள்ளியின் சிமெண்டுத் திடலில். மற்றப் பையன்கள் காற்பந்துக்கு ஓடும்போது இவன் மட்டும் அந்த வேலி ஓரம் நின்று, வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்து வீசிக்கொண்டிருப்பான். கோச் ஒருநாள் உள்ளே கூப்பிட்டுவிட்டார். 2016-இல் மலேசியா டிராகன்ஸ் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று ஆசியான் லீக் கிண்ணத்தைத் தூக்கியதை அவருடைய கைப்பேசியில்தான் பார்த்தான். அன்று பிடித்த பைத்தியம் இது.

ஆஸ்திரேலியாவில் என்.பி.எல்.1 என்று ஒரு லீக் 2019-இல் தொடங்கியது. முழுநேரத் தொழில் ஆட்டம் என்று சொல்ல முடியாது. பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் அதில் நிறையப் பேர். சின்ன ஊர்களிலும் கிளப் உண்டு. வெளிநாட்டுப் பையன் வந்தால் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வைப்பதும் நிஜமாகவே நடக்கிற ஒன்றுதான். இந்த உண்மைகளை எல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்டுதான், அந்த லீக்கின் கிளப் ஒன்றில் தம்பிக்கு இடம் என்று ஏஜென்சி ஆள் வந்தான்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம். முப்பது வயதிருக்கும், தமிழன், ஈப்போக்காரன் என்றான். அப்பா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். நான் லீக், சம்பளம், ஒப்பந்தம் என்று கேட்கத் தயாராக இருந்தேன். அம்மா முந்திக்கொண்டார். சோறு கிடைக்குமா, ரொம்பக் குளிருமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பக்கத்தில் நம்மவர்கள் யாராவது இருக்கிறார்களா. அவன் பையிலிருந்து நான்கு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தான். அம்மா கேட்ட அத்தனைக்கும் அதில் ஏற்கெனவே பதில் இருந்தது.

தங்கப்போகும் குடும்பத்தின் படம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். செவ்வாய்க்கிழமை கிளப் குடும்பங்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள். சனிக்கிழமை ஆட்டம். மாதம் இரண்டு முறை ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அரிசியும் பருப்பும் விற்கும் இந்தியக் கடைக்கு நடந்து போக பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு! பத்து என்று போட்டிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ. கடைசிப் பக்கத்தில் தம்பியின் அறை: ஜன்னல், மேசை விளக்கு, கட்டில், அதன்மேல் மடித்து வைத்த நீலப் போர்வை.

அம்மா அந்தப் போர்வையை விரலால் தடவிப் பார்த்தார். "மெல்லிசா இருக்கேப்பா" என்றார்.

"கவலைப்படாதீங்கம்மா, அந்த வீட்டு ஆன்ட்டிகிட்ட இன்னொன்னு எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றான்.

நாங்கள் விழுந்தது அந்த இடத்தில்தான். அதற்குமேல் ஒப்பந்தத்தை யார் படித்தார்கள்? சாப்பிட்டான், ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான்.

பதிவுக்கு 900. விசாவுக்கு 1,200. கிளியரன்ஸ் கடிதத்துக்கு 1,500. தங்கும் வீட்டு வைப்புத்தொகை, குடியேற்றச் செலவு என்று 4,800. விமான டிக்கெட், காப்புறுதி, ஜெர்சி என்று 3,000. கூட்டிப் பாருங்கள், 11,400 வெள்ளி. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் நின்று சேர்த்த கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) பணத்தில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று 2024-இல் பிரித்துவிட்டார்களே அந்த மூன்றாவது கணக்கு, அதை வழித்து எடுத்தோம். மீதிக்கு என் வளையல் அடகுக்கடைக்குப் போனது, தம்பியின் லோரி வேலைச் சேமிப்பும் போனது.

பணம் அனுப்பும்போது திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. ஏஜென்சி பெயர் இல்லை. விரலை அழுத்தாமல் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட் பேரு அது அக்கா, கம்பெனி கணக்குல போட்டா வரி பிரச்சினை" என்றான். கேட்டேன் என்பதே எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. அழுத்திவிட்டேன்.

பத்து நாளில் விசா வந்தது. நிஜமான விசா, ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மின்னஞ்சல். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். அது வெறும் சுற்றுலா விசா என்று அப்புறம்தான் தெரிந்தது. 601 என்ற இ.டி.ஏ., அதாவது மின்னணுப் பயண அனுமதி, நம் கடப்பிதழ் வைத்திருக்கும் யாரும் கைப்பேசியிலேயே எடுக்கலாம், கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். அதை வைத்துக்கொண்டு அங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஆடப் போகிறவனுக்கு வேண்டியது 408 என்ற விசா, அதற்கு அங்குள்ள கிளப் மாதிரி ஓர் அமைப்பு பின்னால் நிற்க வேண்டும். 20 டாலர் சமாச்சாரத்துக்கு 1,200 வெள்ளி. கிளியரன்ஸ் கடிதக் கதையும் இப்படித்தான். அது புதிய கிளப்பின் நாட்டுச் சங்கம் கேட்டு, நம் நாட்டுச் சங்கம் கொடுக்கும் கடிதம். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதி அது. இடையில் ஒருவன் பையில் 1,500 வெள்ளி விழ வேண்டிய வேலை அதில் இல்லை.

கோச் அங்கிள் அப்போதே கேட்டார்: "கிளப்புக்கு நீயே எழுதிக் கேட்டியா?" நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? தன் பையன்களுக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்தோம். இதை எழுதும்போது என் முகம் சுடுகிறது.

மார்ச் 14 விமானம். தம்பி பிப்ரவரியிலேயே வேலையை விட்டான். தாமானில் எல்லோரும் சேர்ந்து விருந்து வைத்தார்கள், பழைய துணிக்கடையில் தடித்த ஜாக்கெட் ஒன்று தேடி எடுத்தோம். மூன்று நாள் இருக்கும்போது செய்தி வந்தது: "அக்கா, கிளப் கமிட்டி மீட்டிங் தள்ளிப்போச்சு, ஒரு வாரம் பொறுங்க." டிக்கெட் எண்ணை விமான நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. மேலாளர் விடுமுறை. அடுத்த அணியோடு அனுப்புகிறோம். பணம் திரும்ப வேண்டுமென்றால் படிவம் நிரப்புங்கள், 45 வேலை நாள் ஆகும். படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதைப் பரிசீலிக்க 350 வெள்ளி கட்டணமாம்! என் பணத்தை எனக்குத் தரவே 350. அதுவரை அக்கா அக்கா என்றவன் அன்றைக்கு "மேடம், தயவுசெய்து நாகரிகமாகப் பேசவும்" என்று எழுதினான். அதற்கடுத்த நாள் மேடமும் இல்லை. இரண்டு நீலக் கோடு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை, என்னைத் தடுத்துவிட்டான்.

ஈப்போவில் அவர்கள் கொடுத்த முகவரிக்குப் போனோம். மாடியில் பல கம்பெனிகளுக்குச் சேர்த்து ஒரே வரவேற்பு மேசை. அங்கிருந்த பெண், கடிதம் வந்தால் வாங்கி வைப்பதோடு சரி, யாரும் இங்கே உட்கார மாட்டார்கள் என்றார். பேருந்தில் திரும்பும்போது தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவு கிளப்பின் சொந்த இணையப் பக்கத்தைத் தேடி, அதிலிருந்த முகவரிக்கு எழுதினேன். மறுநாளே பதில். அந்த ஆளையோ ஏஜென்சியையோ தெரியாது, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை முன்பே எடுத்துவிட்டோம், உங்கள் தம்பிக்காக வருந்துகிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். நான்கு வரி. இந்த நான்கு வரியை ஜனவரியில் கேட்டிருந்தால் 11,400 வெள்ளி வீட்டில் இருந்திருக்கும்.

பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. 997-க்கும் கூப்பிட்டோம். பணம் கைமாறுவதற்குள் நிறுத்தப் பார்க்கும் எண் அது, போன உடனே கூப்பிட வேண்டும். நாங்கள் கூப்பிட்டது கடைசிப் பணம் போட்டு நாற்பத்தொரு நாள் கழித்து. போலீஸ் சொல்லித்தான், மோசடிக் கணக்கா என்று பார்க்க அவர்கள் வைத்திருக்கும் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டேன். ஏற்கெனவே அதன்மேல் புகார் இருந்தது. பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போ, 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வரை கேட்கலாம் என்கிறார்கள். யார் மேல் போடுவது? வரவேற்பு மேசை மேலேயா?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. கிளப்புக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், அவன் கொடுக்கும் மின்னஞ்சலுக்கு வேண்டாம். உரிமம் உள்ள ஏஜென்ட் பட்டியல் ஃபிபா பக்கத்திலேயே இருக்கிறது, பெயர் இருக்கிறதா பாருங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், போடுவதற்கு முன் செமாக் மியூலில் தட்டுங்கள். விசா எண் 601 என்றால் எழுந்து வாசலைக் காட்டுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான்.

இந்த நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம் வேறு. சாயங்காலம் கோலகங்சாரிலிருந்து தம்பியோடு ஆடும் பையன் ஒருவன் செய்தி அனுப்பினான்: "அண்ணே, எனக்கு நியூசிலாந்துல இடம் கிடைச்சிருச்சு!" கூடவே நான்கு பக்கம். ஏஜென்சி பெயர் வேறு, ஊர் வேறு, குடும்பத்தின் படமும் வேறு. கட்டில் மட்டும் அதே கட்டில், அதே நீலப் போர்வை. அவன் அம்மா நாளைக் காலை வங்கிக்குப் போகிறாராம். ஒன்பது மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், போனை எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாராவது இருந்தால், சீனப்பள்ளித் திடலில் ஆடும் உயரமான தமிழ்ப் பையன் வீட்டில் இதைக் காட்டுங்கள். இன்றைக்கே.